குறுமரமும் முதற் கவாத்தும்

கள்ளக்குறிச்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மரச்சிற்பத் தொழில் நெடுங்காலமாக நடந்து வருவதை நம்மவர் யாவரும் அறிவர். 2021-ஆம் வருஷத்தில் அத்தொழிலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிற்பியொருவரின் பட்டறை வாயிலில் சிறிது நேரம் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். வாகையிலோ பூவரசிலோ உருவஞ் சமைக்கும் அவர் அம்மரத்தோடு எதனையும் கூட்டுவதில்லை. வேண்டாததை நீக்குதலே அவர்தம் வேலை. உளி பெயர்த்த சிராய் மீண்டும் ஒட்டாது. ஆதலின், உளியை மரத்தில் வைக்குமுன் அவர் அம்மரத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் நேரம் நீண்டதாக இருக்கிறது.

குறுமரம் வளர்ப்போரும் நீக்குதலாலேயே உருவஞ் செய்கின்றனர். ஆயினும் இருவர்க்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. சிற்பியின் மரம் உயிர் நீங்கியது. அஃது உளிக்கு விடை கூறாது. நம் கையிலிருப்பதோ உயிருள்ள மரம்; ஒவ்வொரு வெட்டுக்கும் அது தளிராலோ வாட்டத்தாலோ விடை கூறும். ஆகவே, வெட்டுமுன் பார்த்தலோடு, வெட்டியபின் காத்திருத்தலும் இக்கலைக்கு இன்றியமையாததாகிறது. இவ்விரண்டையும் பற்றி, பண்ணையில் ஒரு கன்றைத் தெரிந்தெடுப்பது முதலாக, இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குறுமரம் என்று யாம் கூறுவதை உலகம் ‘போன்சாய்’ என்னும் ஜப்பானியச் சொல்லால் வழங்குகிறது. தட்டில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். இதன் மூலம் சீன தேசத்திலே உள்ளது. கி.பி. 706-ஆம் வருஷத்தைச் சார்ந்த சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் வைத்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளரைக் காணலாம். குறுமரம் என்பது பிறவியிலேயே குள்ளமான ஒரு சாதி மரமன்று. உணவின்றி வாட்டி வைத்த மரமும் அன்று. சாலையோரத்தில் வானளாவ நிற்கும் புளியமரத்தின் விதையே தட்டில் ஒன்றரை அடி உயர மரமாகவும் நிற்கக்கூடும். கிளையையும் வேரையும் உரிய காலத்தில் கவாத்துச் செய்து, வேண்டிய நீரும் எருவும் தந்து வளர்ப்பதனால் வந்த உருவமே அது.

நிற்க. குறுமரத்திற்கு ஆகும் மரத்தை எங்கே தேடுவது? கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமீது ஏறுவோர், இவ்வினாவிற்கு அம்மலையே விடை தருவதாக எண்ணி மயங்குவர். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றாகிய இம்மலை பெரும்பாலும் 2000 அடி முதல் 3000 அடி வரை உயர்ந்தது. பாறை வெடிப்பில் வேரூன்றிய கல்லிச்சி, ஆடு மேய்ந்து மேய்ந்து நெருங்கிக் கிளைத்த புதர், காற்றில் ஒருபுறமாகச் சாய்ந்த சிறு மரம் ஆகியவற்றைக் காணும்போது, அவை தட்டில் வைப்பதற்கென்றே பிறந்தனவோ என்று தோன்றும். கடப்பாரை கொண்டுவராமற் போனோமே என்று வருந்தும் மாணவரையும் யாம் கண்டதுண்டு.

அவ்வெண்ணம் மூன்று காரணங்களால் விலக்கத்தக்கது. முதலாவது, காப்புக் காட்டினின்று மரஞ்செடிகளைப் பெயர்த்தெடுத்தல் குற்றமாகும். 1882-ஆம் வருஷத்து வனச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இரண்டாவது, பாறை வெடிப்பில் வளர்ந்த மரத்தின் உறிஞ்சு வேர்கள் அடிமரத்தருகே இரா. அவை வெடிப்பினுள்ளே நெடுந்தூரம் ஓடியிருக்கும். பெயர்ப்பவன் கையில் வருவது தடித்த வேர்த்துண்டே. நீரை உறிஞ்சும் நுண்வேர்களோ பாறையினுள்ளே தங்கிவிடும். பல ஆண்டுகள் வெயிலையும் காற்றையும் வென்ற மரம் நம் திண்ணையில் சில வாரங்களில் பட்டுப்போவது இதனாலேதான். மூன்றாவது, அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் கடுக்காயைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கின்றனர். மரம் நிற்க அதன் காயை மட்டும் கொள்வது அவர்கள் முறை. விருந்தாகச் செல்லும் நாம் மரத்தையே கொண்டுவருவது எவ்வாறு தகும்?

ஆகவே மலைக்குச் செல்வோர் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் மட்டும் எடுத்துச் செல்க. அடிமரம் எவ்வாறு பருத்து நுனி எவ்வாறு சிறுக்கிறது, வேர்கள் எவ்வாறு பாறையைப் பற்றுகின்றன, முதிர்ந்த கிளை எவ்வாறு தாழ்கிறது என்பனவற்றை வரைந்து கொள்க. மலை நமக்குப் பாடப்புத்தகம். மரத்தை நாற்றுப் பண்ணையிலே விலைக்கு வாங்குவோம்.

இனி, இக்காலத்தார் நர்சரி என்று வழங்கும் நாற்றுப் பண்ணைக்குச் செல்வோம். பண்ணையார் தம் கன்றுகளுள் நெடிதாய், நேராய், தழைத்து நிற்பதையே முன்வரிசையில் வைப்பார். தோப்பு வைப்போர்க்கு அதுவே நல்ல கன்று, நமக்கு ஆகாது. நாம் பண்ணையின் பின்புறம் செல்லுதல் வேண்டும். ஆண்டுக்கணக்காக விலை போகாமல் கிடப்பது, மாடு கடித்து நுனி ஒடிந்தது, பையைக் கிழித்து வேரூன்றி அடி பருத்தது ஆகியவை அங்கே கிடக்கும். “அது ஒன்றுக்கும் உதவாதே ஐயா” என்று பண்ணையார் நாணிக் கூறும் கன்றிலேதான் பெரும்பாலும் நம் மரம் மறைந்திருக்கிறது. அதனைத் தெரிந்தெடுப்பதற்குரிய இலக்கணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் இலையைப் பாராது அடியைப் பார்க்க. பையின் மேல்மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்கினால் வேர்கள் புறப்படுமிடம் தெரியும். அவை அடிமரத்தைச் சுற்றிலும் நாற்புறமும் பரந்து செல்லுமாயின் அது சிறந்த கன்று. ஒருபுறம் மட்டுமே வேருடையது இடைத்தரம். பையினுள் சுருண்டு, அடிமரத்தையே கயிறுபோல் நெரித்துக் கொண்டிருக்கும் வேருடையதைத் தள்ளுக. கிளையைப் பின்னர் வளர்த்துக் கொள்ளலாம். இலை பன்முறை உதிர்ந்து தளிர்க்கும். வேரின் அமைப்பைத் திருத்துவதோ பல்லாண்டு வேலை.

இரண்டாவது, அடிமரத்தின் பருமன். சிறு தட்டில் வேர் அடங்கியபின் மரம் மிக மெதுவாகவே பருக்கும். ஆதலின் பருமனைத் தட்டுக்கு வருமுன்பே பெற்றாக வேண்டும். அரை அங்குல அடியுடைய ஐந்தடிக் கன்றைவிட, ஒன்றரை அங்குல அடியுடைய இரண்டடிக் கன்று மேலானது. மூன்றாவது, தாழ்ந்த கிளைகள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்திற்குள் உயிருள்ள கிளையோ மொட்டோ உள்ளதை விரும்புக. நான்காவது, இலையும் கணுவும். இயல்பிலேயே சிறிய இலையும் நெருங்கிய கணுக்களும் உடைய மரமே சிறிய அளவில் முழுமரமாகத் தோன்றும். ஐந்தாவது, நோயின்மை. இலையின் அடிப்புறத்திலும் கிளைக் கவட்டிலும் மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் உளவோ என்று பார்த்தே வாங்குக.

எம்மரம் ஆகும், எம்மரம் ஆகாது என்பதையும் அறிதல் வேண்டும். கல்லிச்சி, அரசு, ஆல் ஆகியவை நம் வெப்பத்திற்கு ஏற்றவை. முதிர்ந்த மரத்தண்டிலும் தளிர் விடுபவை. அவற்றுள் கல்லிச்சியே தொடங்குவோர்க்கு உத்தமம். அரசின் இலை பெரிதாதலால் அது பெரிய தொட்டிக்கே பொருந்தும். புளியும் கொடுக்காப்புளியும் சிறிய சிற்றிலைகளால் அழகு தருவன. காகிதப்பூ கடுமையான கவாத்தையும் தாங்கும். ஆயினும் அதன் பெரிய வெட்டுவாய் எளிதில் உளுத்துப்போம். ஒட்டு மா, ஒட்டுச் சப்போட்டா ஆகியவற்றில் ஒட்டின் வடு அடிமரத்திலே புடைத்து நிற்குமாதலின் அவை விலக்கத்தக்கன. தென்னையும் பனையும் ஒரே குருத்தால் வாழ்வன. அதனை வெட்டினால் மரமே மாளும். குளிர்நாட்டுப் பைன் மரமும் இலையற்ற பழங்கிளையில் தளிர்ப்பதில்லை. ஆதலின் நூல்களில் கண்ட முறையை எல்லா மரத்திற்கும் ஒன்றுபோற் பொருத்தலாகாது.

மரத்தை வாங்கிய அன்றே கத்தரியை எடுத்தல் கூடாது. வீட்டின் வெயிலுக்கும் காற்றுக்கும் அது பழகுமாறு மூன்று நான்கு வாரமேனும் வைத்திருக்க. புதுத்தளிர் காணுமாயின் மரம் வலுவோடிருக்கிறது என்பது தேற்றம். இக்காலத்தில் அதனை நாள்தோறும் சிறிது திருப்பி வைத்து, அதன் முகம் எது என்று தேர்க. வேர் பரந்து தோன்றுவதும், அடிமரத்தின் வளைவு விளங்குவதும், கண்ணுக்கு நேராகக் கிளை நீட்டாததும் ஆகிய புறமே முகமாம்.

பின்னர் உயரத்தை நிர்ணயிக்க வேண்டும். அடியின் குறுக்களவைப்போல் ஆறு மடங்கு உயரம் என்பது குறுமரக்கலையில் வழங்கும் ஒரு கணக்கு. அடி ஒன்றரை அங்குலமாயின் மரம் ஒன்பது அங்குலம் அமையும். அவ்வொன்பதில் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூன்று அங்குலத்தில், முதற் கிளையோ முதல் வளைவோ அமைதல் அழகு. ஆகவே முதற் கவாத்து அவ்விடத்திற்குச் சற்று மேலேயே நிகழ வேண்டும். மூன்றடிக் கன்றை நாலங்குலமாக்குவதா என்று மனம் நடுங்கும். அந்நடுக்கம் நல்லதே. நீக்க நினைக்கும் பகுதியை ஈரத்துணியால் மூடிக்கட்டி, எஞ்சியிருப்பதைத் தூரத்தே நின்று பார்க்க. மறுநாளும் அவ்வாறே பார்க்க. மூன்றாம் நாளும் அதே முடிவு தோன்றுமாயின் வெட்டலாம்.

இத்துணைத் தாழ வெட்டுவது எதற்கு? நேராக ஓங்கிய கன்றின் தண்டு அடிமுதல் நுனிவரை பெரும்பாலும் ஒரே பருமனாய்க் கோல்போல் இருக்கும். முதிர்ந்த மரமோ அடி பருத்து நுனி சிறுத்திருக்கும். கோலை வெட்டினால், வெட்டிய இடத்தருகே பிறக்கும் தளிர் மெலிதாகவே எழும். அதனைத் தலைமையாக வளர்த்து, பருத்தபின் மீண்டும் வெட்டினால், அதனினும் மெலிய தளிர் எழும். இவ்வாறு படிப்படியாகப் பருமன் குறைந்து, மரத்திற்கு முதுமையின் தோற்றம் வருகிறது.

இனி, வெட்டிய மரம் எங்ஙனம் தளிர்க்கிறது? தண்டின் கணுக்களில் உறங்கும் மொட்டுக்கள் பல உள. நுனிக்குருத்தில் உண்டாகி அடிநோக்கி ஓடும் ஆக்ஸின் என்னும் பொருள் அவற்றை உறக்கத்தில் நிறுத்துகிறது. 1933-ஆம் வருஷத்தில் தைமான், ஸ்கூக் என்னும் தாவரநூலார் இருவர், அவரைச் செடியொன்றின் நுனியைக் கிள்ளி, அவ்விடத்தில் ஆக்ஸினை வைத்தபோது, பக்க மொட்டுக்கள் எழாதிருக்கக் கண்டனர். இலைகள் ஆக்கும் சர்க்கரையை ஓங்கும் நுனியே கவர்ந்துகொள்வதும், கிளைத்தலைத் தடுப்பதென 2008-ஆம் வருஷத்தில் அறியப்பட்ட ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் வேறொரு பொருளும் இதற்குத் துணையாகின்றன என்று பின்வந்த ஆராய்ச்சிகள் விளக்கின. நுனி நீங்கியதும் தடையும் நீங்குகிறது, சர்க்கரையும் மொட்டுக்களுக்குப் பாய்கிறது, உறங்கியவை விழிக்கின்றன. நம் தோட்டக்காரர் இக்காரணத்தை நூலாற் கல்லாமலே, கிள்ளிவிட்டால் செடி கிளைக்கும் என்று செயலால் அறிந்திருந்தனர்.

வெட்டும் முறையைக் கூறுவோம். தண்டு விரற்பருமனுக்குக் குறைந்ததாயின் கூரிய கவாத்துக் கத்தரி போதும். மிக்கதாயின் நுண்பல் ரம்பம் வேண்டும். கருவியைத் தூய்மை செய்து கொள்க. நினைத்த இடத்திற்கு மேல் ஓர் அங்குலம் விட்டே வெட்டுக. வெட்டுவாயினின்று சிறிது தூரம் தண்டு காய்ந்துபோதல் இயல்பு. தளிரும் நாம் குறித்த இடத்திலேயே எழும் என்பது உறுதியன்று. எழுந்த தளிர் வலுத்தபின், அதற்கு மேலே எஞ்சியதைச் சாய்வாக நீக்கிக் கூரிய கத்தியால் ஓரத்தைச் சீவி விடலாம். கல்லிச்சி முதலியவற்றில் பால் வடியும். அதனை ஈரத்துணியால் ஒற்றியெடுக்க. வெட்டுவாயில் போர்டோ பசை தடவுதல் பூஞ்சணத்தைத் தடுக்கும். கீழே ஓர் இலைக்கிளை இருக்குமாயின், அது வேண்டாத இடத்திலிருந்தாலும் அவ்வருஷம் விட்டுவைக்க. அதன் இலைகள் உணவை ஆக்கித் தந்து அடிமரத்தைக் காக்கும்.

காலமும் கருதத்தக்கது. நம் பக்கத்தில் மாசி பங்குனியில் மரங்கள் புதுத்தளிர் கொள்ளுமுன்னும், ஆனி ஆடியில் மழைத்தூறல் கண்டு வெப்பம் தணிந்தபின்னும் முதற் கவாத்திற்கு ஏற்ற காலங்கள். சித்திரையின் பிற்பாதியும் வைகாசியின் முற்பாதியுமாகிய அக்கினி நட்சத்திர நாட்களில் கத்தரியைத் தொடாதிருப்பதே நன்று.

இவ்விதியை யாம் நூலினின்று எழுதவில்லை; ஒரு மரத்தை இழந்து கற்றோம். சில வருஷங்களுக்கு முன், பண்ணையொன்றின் மூலையில் ஒரு புளியங்கன்று கிடைத்தது. அடி ஒரு கைப்பிடி; வேர்கள் நாற்புறமும் பரந்து, தரையைப் பற்றிய விரல்கள்போல் இருந்தன. அதனைப் போன்ற அடியை முன்னும் பின்னும் யாம் கண்டதில்லை. விடுமுறை முடியுமுன் அதனைத் தட்டில் அமைத்து நண்பர்க்குக் காட்ட வேண்டும் என்னும் ஆசை எம்மைப் பற்றிக்கொண்டது. வைகாசி மாதத்து ஒரு காலையில் தலையையும் வெட்டினோம். அன்றே பையைக் கிழித்து வேரையும் பாதியாகக் குறைத்துத் தட்டில் நட்டோம். பத்தாம் நாள் இரண்டு பச்சை மொட்டுக்கள் தோன்றின. பெருமிதம் கொண்டு பலர்க்கும் காட்டினோம். இருபதாம் நாள் அவை கருகின. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே பசுமை இல்லை.

அம்மரம் ஏன் மாண்டது என்பதைப் பின்னர் ஆராய்ந்து தெளிந்தோம். தலையை மட்டும் வெட்டியிருப்பின், வேரிலும் தண்டிலும் சேர்ந்திருந்த உணவும், முழுவேரும் உறிஞ்சித் தந்த நீரும் புதுத்தளிரை வளர்த்திருக்கும். வேரை மட்டும் குறைத்திருப்பின், இலைகள் ஆக்கிய உணவு புதுவேரை வளர்த்திருக்கும். இரண்டையும் ஒருங்கே குறைத்தமையால் ஒன்றற்கொன்று உதவுவாரின்றிப் போயிற்று. முதலில் தோன்றிய அம்மொட்டுக்கள் வாழ்வின் குறியல்ல. எஞ்சியிருந்த சிறு சேமிப்பின் கடைசிச் செலவு. கல்லிச்சி போன்ற வலிய மரங்களில் இரண்டையும் ஒரே நாளிற் செய்து பிழைப்பிக்கும் வல்லுநர் உளர். அது கைதேர்ந்தவர்க்கும் நன்கு தேறிய மரத்திற்குமே உரியது. கற்போர்க்கு விதி ஒன்றே: ஒரு பருவத்திற்கு ஒரு காயம்.

அவ்விதிப்படி நடப்போர் காலத்தை இவ்வாறு பகுத்துக் கொள்ளலாம். தலையை வெட்டிய வருஷத்தில் மரம் தன் பழைய பையிலோ தொட்டியிலோ அசையாதிருக்கட்டும். இலையற்ற மரத்திற்கு நீர்ச்செலவு குறைவாதலின் மண் சேறாகாதபடி அளவறிந்து நீர் வார்க்க. தளிர்கள் இலை விரித்து முதிருமட்டும் எரு இடாதிருக்க. முதலிரண்டு வாரம் உச்சிவெயில் படாத நிழல் நன்று. தளிர்கள் பல எழும்போது உடனே கிள்ளிவிடாமல், அவை வலுத்தபின் ஒன்றைத் தலைமைக்கும் இரண்டு மூன்றைக் கிளைக்குமாகத் தெரிந்து மற்றவற்றை நீக்குக. மறுவருஷத்தில், மரம் நன்றாகத் தேறியிருக்குமாயின், வேரைச் சீர்திருத்தி, செம்மண்ணும் பருமணலும் செங்கற் சிறுசல்லியும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் அகன்ற தொட்டியொன்றில் நடுக. தட்டுக்கு வருவது அதற்கும் பின்னரே. விரைந்து தட்டில் வைத்தவன் மெல்லிய குச்சியை வைத்திருப்பான். பொறுத்து வைத்தவன் மரத்தை வைத்திருப்பான்.

மாணவ நண்பர்களே, இங்கே நமக்கு ஓர் இடையூறு எதிர்ப்படுகிறது. கல்லூரியில் நம் வாசம் மூன்று வருஷம். மேலே கூறிய கணக்கின்படி, முதலாண்டில் வெட்டிய மரம் மூன்றாமாண்டில்தான் ஒருவாறு கிளை கொள்ளத் தொடங்கும். அதன் அழகை நாம் காணப்போவதில்லை. அதனாலன்றோ பலர் அவசரப்பட்டு வெட்டி, எம் புளியங்கன்றைப் போல மாய்க்கின்றனர்?

ஜப்பானிய வெள்ளைப் பைன் மரமொன்று 1625-ஆம் வருஷம் முதல் தொட்டியில் பயிற்றப்பட்டு வந்தது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். 1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி அந்நகரின்மேல் அணுகுண்டு விழுந்தபோது, வெடித்த இடத்திற்கு ஏறக்குறைய இரண்டு மைலில் ஒரு சுவரின் மறைவில் இருந்த அம்மரம் உயிர் பிழைத்தது. 1976-ஆம் வருஷத்தில் அக்குடும்பத்தார் அதனை அமெரிக்க நாட்டிற்கே அன்பளிப்பாக அளித்தனர். இன்றும் அது வாஷிங்டன் நகரத்துத் தேசிய மரத்தோட்டத்தில் உள்ளது. அதனை முதன்முதல் வெட்டியவர் இவற்றுள் ஒன்றையும் கண்டாரல்லர். தமக்குப்பின் ஒருவர் நீர் வார்ப்பார் என்னும் நம்பிக்கையே அவர் கத்தரியை நடத்தியிருக்க வேண்டும்.

ஆதலின், ஒரு மரத்தை வெட்டத் துணிந்தவன், அது விடை கூறுமட்டும் அருகிருக்கக் கடமைப்பட்டவன். இருக்க இயலாதாயின், இருப்பவன் ஒருவனை முன்னமே தேடிக் கொள்ளக் கடவன். மூன்றாமாண்டு மாணவர் தம் தொட்டியோடு அதன் சரித்திரத்தையும், எந்நாள் எங்கே வெட்டியது, எத்தளிரை விட்டது, அடுத்து எதனைச் செய்யத்தகும் என்பவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி, முதலாண்டு மாணவரிடம் ஒப்படைப்பாராக. அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதுவதற்கென்றே எம்மிடம் ஒரு வரி உண்டு: வைகாசியில் வெட்டாதே, ஒரே நாளில் இரண்டு காயம் செய்யாதே.